சந்துப் பக்கத்துக் கதவு

கதவில் சுண்ணாம்பால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது. பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்துச் சைனம்பு துப்பட்டி நுனியால் துடைத்துப் பார்த்தாள். பாதிதான் போனது. உள்ளே போய் அவள் உட்கார்ந்ததும் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நூலகர் சோலைமுத்து தொண்டையைக் கனைத்தார். பெண்கள் அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

“கதவுல இருக்கிற குறியைத் துடைச்சிராதீங்கம்மா. கொத்தனாருக்குப் போட்ட அடையாளம். கதவைப் பிடுங்கிட்டுச் செங்கல் வச்சு அடைக்கப் போறாங்க.”

“எதை?”

“இந்தச் சந்துக் கதவைத்தான்.”

“அப்ப நாங்க எப்படி வாரது?”

சோலைமுத்து “கமிட்டி முடிவும்மா” என்று முனகிவிட்டு நகர்ந்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து தொடர்கதை படித்துக்கொண்டிருந்த சைதூனின் விரல் ஒரு வரியின் நடுவில் அப்படியே நின்றது. “அடைக்கப் போறாங்கன்னா சொன்னாரு?” என்று கேட்டாள். சைனம்பு தலையை மட்டும் ஆட்டினாள்.

அது அறுபத்திரண்டாம் வருஷத்துக் கோடை. திண்டுக்கல் கடைவீதியில் இருந்த அந்த ஊர் நூலகம் ஒரு காலத்தில் தோல் வியாபாரி ஒருவருடைய கிட்டங்கி. பிள்ளையில்லாத அந்த மனுஷர் சாகும்போது ஊருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். பெரிய மழை பெய்தால் இன்னமும் தரையிலிருந்து லேசாகத் தோல் வாடை கிளம்பும். முன்பக்கம் பெரிய கூடம். பின்பக்கம் மரத்தடுப்பு போட்டுப் பிரித்த ஒரு சின்ன அறை. சரக்கு இறக்குவதற்கென்று சந்தில் வைத்த கதவு அதற்குத் தனி வாசலாகிவிட்டது. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு சாயங்கால அஸர் பாங்கு வரைக்கும் அது பெண்களுடைய அறை. இரண்டு பெஞ்சு, ஒரு பீரோ நிறையப் பத்திரிகை, ஒரு மண்பானை. அவ்வளவுதான். ஆனால் பேகம்பூர்த் தெருக்களிலிருந்து வருகிற பெண்களுக்கு அந்தச் சந்துதான் வழி. கடைவீதியை மிதிக்காமல், யார் கண்ணிலும் படாமல், சமையல் முடிந்த கையோடு வந்துவிட்டுப் போகலாம்.

சைனம்பு எட்டாவது வரை படித்தவள். அவள் கணவன் சௌகத் அலி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருந்தான். சைதூன் அவளுடைய ஓரகத்தி, சௌகத்தின் அண்ணன் நூர் அகமதுவுக்கு வாழ்க்கைப்பட்டவள். குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல்தான் இந்தக் குடும்பத்துக்கு வந்தாள். பத்திரிகைகளில் வருகிற சிரிப்புப் படங்களுக்குக் கீழே இருப்பதைச் சைனம்பு சிரித்துச் சிரித்துப் படிக்க, தனக்கு மட்டும் புரியவில்லையே என்கிற ஆத்திரத்தில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தவள், இன்றைக்குத் தொடர்கதைக்கு வந்திருந்தாள். ஒரு பக்கம் படிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகும். இடையில் யாராவது பேசினால் கோபம் வரும்.

நூர் அகமதுவின் தோல் மண்டி நூலகத்தின் முன்வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. தன் மனைவி பின்பக்கச் சந்து வழியாகப் போய் எதையோ படிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததால் கண்டுகொள்ளாமல் இருந்தார். அதே மனைவி மண்டிக்கு எதிரே, லோடு இறக்குகிறவர்களும் தரகர்களும் நிற்கிற தெருவில் நடந்து முன்வாசலில் ஏறினால் அவர் என்ன சொல்வார் என்பதைச் சைதூன் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நூலகத்தைப் புதுப்பிக்கப் போகிற செய்தி ஊரையே இரண்டாக்கியது. மொசைக் தரை, டியூப் லைட்டு, நாலு சீலிங் பேன், கண்ணாடி பீரோ என்று ஒரு பக்கம் பெருமை. வாசலுக்கு வெளியே மரத்தடியில் கிடந்த பெஞ்சை எடுத்துவிடுவார்களாம் என்று இன்னொரு பக்கம் புகைச்சல். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் ஊறிப்போன காலோடு வந்து உட்கார்ந்து, ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்கப் பத்துப் பேர் கேட்கிற இடம் அது. டீக்கடைகளில் வாய்ச்சண்டை நாறியது. கடைசியில் கமிட்டித் தலைவர் வக்கீல் அருள்நாதன், வரைபடத்தை எல்லோருக்கும் காட்டி விளக்கம் சொல்வதாகக் கூட்டம் போட்டார்.

அருள்நாதன் கெட்டவர் அல்ல. சொந்த வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் வரைக்கும் போய் நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர். ஏணியில் ஏறி அவரே சுவரை அளந்தார். அன்றைக்குக் கூடம் நிறைய ஆண்கள். பின்பக்க அறையில், தடுப்பை ஒட்டி, சைனம்புவும் இன்னும் சில பெண்களும் நின்றார்கள். அவர்களோடு ராமுத்தாயும் இருந்தாள். வடமதுரைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. காலையில் மல்லிகைப்பூ மூட்டையோடு வந்து சந்தையில் போட்டுவிட்டு, மத்தியான பஸ் வரும்வரை வெயிலுக்கு ஒதுங்க இந்த அறையைக் கண்டுபிடித்தவள். கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, சைனம்பு படிக்கிற கதையைக் கேட்பாள்.

தோல் ஷாப்புத் தொழிலாளி அந்தோணிமுத்து எழுந்து, “எங்க காலு பட்டா உங்க மொசைக் தரை கறுத்துப் போகுமாய்யா?” என்று கேட்டார். வாசலில் குழாய் போடப் போகிறோம், கால் கழுவிவிட்டு வரலாம் என்றார் அருள்நாதன். சிலர் கைதட்டினார்கள். அந்தோணிமுத்து உட்காரவில்லை, வெளியே போய்விட்டார்.

“வேறு யாருக்காவது கேள்வி உண்டா?”

சைனம்பு பலகையில் கை ஊன்றினாள். அவள் வாயைத் திறப்பாள் என்று அவளே நினைக்கவில்லை.

“எங்க கதவை எதுக்கு அடைக்கிறீங்க?”

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பெண் குரல் வந்தது. எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். அருள்நாதன் புன்னகையோடு பலகையைப் பார்த்தே பேசினார்.

“நல்ல கேள்வி அம்மா. நீங்கள் எதற்காகச் சந்து வழியாக, சாக்கடையைத் தாண்டி, ஒளிந்து ஒளிந்து வர வேண்டும்? நாடு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. இனி இந்த நூலகத்தில் எல்லோருக்கும் ஒரே வாசல். முன்வாசல் வழியாகத் தலை நிமிர்ந்து வாருங்கள்!”

இந்தத் தடவை கைதட்டல் பலமாக இருந்தது. அது அடங்கும்வரை சைனம்பு காத்திருந்தாள்.

“தலை நிமிர்றது எங்க கழுத்து வேலைங்கய்யா. அதை நாங்க பாத்துக்குவோம். கதவை அடைக்கிறது உங்க வேலை. அதைத்தான் கேக்குறேன். முன்வாசல்ல வர முடியாத பொம்பளை என்ன செய்வா?”

“வர முடியாது என்று ஏன் நினைக்கிறீர்கள்? பழக வேண்டியதுதான்.”

“அவ பழகிருவா. அவ வீட்டு ஆம்பளை பழக வேண்டாமா?”

யாரோ சிரித்தார்கள். அருள்நாதன் முகம் சற்றுச் சுருங்கியது. காலம் மாறும், நாம்தான் மாற்ற வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்தார்.

சாயங்காலத்துக்குள் செய்தி நூர் அகமதுவுக்குப் போய்விட்டது. தம்பி வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை. சைனம்பு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் பேசவில்லை. அவள் காதில் விழுகிற மாதிரி தம்பியிடம் பேசினார்.

“ஊர்க்கூட்டத்துல நம்ம வீட்டுப் பொம்பளை குரல் கேட்டுச்சாம்ல?”

“குரல்தானேண்ணே” என்றான் சௌகத் அலி. “ஆளை யாரும் பாக்கலையே.”

“இன்னைக்குக் குரல் வந்துச்சு. நாளைக்கு ஆளு வரும்.”

“வரும் மச்சான்” என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

நூர் அகமது செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சௌகத் அலி அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?”

“இம்புட்டு வருசமா அதைத்தானே செஞ்சேன்.”

அவன் ஒரு வெங்காயத்தை எடுத்து உருட்டிக்கொண்டே யோசித்தான். “இங்க பாரு. நீ எங்க போனாலும் போ. என்னைக் கூட வான்னு சொல்லாதே. உன்னைப் போகாதேன்னு சொல்லுன்னு அண்ணன் சொன்னா, அதையும் நான் சொல்ல மாட்டேன்.” அவனால் முடிந்தது அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். அது குறைவில்லை என்றும் தெரியும்.

அடுத்த வாரமே கதவு பிடுங்கப்பட்டது. சுவர் எழும்பிச் சிமெண்டு பூசிக் காய்ந்த பிறகு, அங்கே ஒரு கதவு இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பின்பக்க அறையில் வார்னிஷ் மேசை வந்தது. ‘கமிட்டி அறை’ என்று பலகை தொங்கியது. பெண்களுடைய பத்திரிகை பீரோவைக் கொண்டுவந்து முன்வாசலுக்குப் பக்கத்தில் வைத்து, முன்னால் ஒரு பெஞ்சும் போட்டார்கள். பெஞ்சின் முதுகில் ‘பெண்கள்’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுத்து. தெருவில் போகிறவன் எல்லாம் பார்க்கிற இடம். பாத்திரக் கடையில் வாசலில் அடுக்கி வைக்கிற அண்டா மாதிரி அங்கே போய் எந்தப் பெண் உட்காருவாள்? ஒருத்தியும் போகவில்லை.

ஒரு நாள் சௌகத் அலி கடைக்குச் சாப்பிட வந்த சோலைமுத்து மூலம் இன்னொரு செய்தி வந்தது. பெண்களுக்கு வாசிப்பதில் ஆர்வம் இல்லை, பெஞ்சு சும்மாதான் கிடக்கிறது, அதனால் அவர்களுக்கென்று வாங்குகிற பத்திரிகைகளை நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். சௌகத் அலி இதைச் சாதாரணமாகத்தான் வீட்டில் வந்து சொன்னான். சைனம்பு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“கதவை அடைச்சவுகளே எங்களுக்கு ஆர்வம் இல்லைன்னு சொல்றாகளா?”

“அப்படித்தான் பேசிக்கிட்டாகளாம்.”

“யாரு, அந்த வக்கீலா?”

“அவரும்தான்.”

மறுநாள் காலையில் அவள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பூச்சந்தைக்குப் போனாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு கடைவீதியில் தனியாக நடப்பது அதுதான் முதல் தடவை. பார்த்தவர்கள் பார்த்தார்கள். ராமுத்தாய் பூவை நிறுத்துக் கொடுத்துக்கொண்டே அவள் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

“ஏத்தா, இதுக்கா இம்புட்டு ரோசனை? நான் விடிஞ்சதுல இருந்து ஆம்பளைக நடுவுலதான் நின்னு கத்துறேன். ஒத்தையாப் போனா உன்னையப் பாப்பான். இருபது பேரு போனா அவன் எவளையின்னு பாப்பான்? நான் பூக்காரிகளைக் கூட்டியாரேன். நீ உன் தெருவுல சொல்லு.”

தெருவில் சொல்வது அத்தனை சுலபமாக இல்லை. சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். “அந்த வக்கீலு சொன்னதைத்தானே நீயும் செய்யப் போறே, அப்புறம் என்ன சண்டை?” என்று காதர் பீவி என்கிற பெரியம்மா நியாயமாகவே கேட்டாள். “அவரு சொன்னதைச் செஞ்சு காட்டப் போறேன் பெரியம்மா. செஞ்சா எப்படி இருக்கும்னு அவருக்கே தெரியட்டும்” என்றாள் சைனம்பு. பெரியம்மா தானும் வருவதாகச் சொன்னாள்.

புதுக் கூடத்தின் திறப்புவிழாவுக்கு மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். ரிப்பன் வெட்டியாகிவிட்டது. ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நூர் அகமதுவும் இருந்தார். அருள்நாதன் பேசிக்கொண்டிருந்தார். “இந்த நூலகத்தில் எல்லோருக்கும் ஒரே வாசல்” என்று அவர் மறுபடி சொன்ன நேரத்தில், வெளியே கடைவீதியில் சத்தம் குறைந்தது. லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு நின்று பார்த்தார்கள். வெள்ளைத் துப்பட்டிகள் ஒரு பக்கம், பூக்கூடைகள் ஒரு பக்கமாகப் பெண்கள் தெருவை அடைத்து வந்தார்கள். முன்னால் சைனம்பு. வாசல் குழாயில் நின்று நிதானமாகக் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே ஏறினாள்.

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். “பாருங்கள், பெண்கள் எத்தனை பேர்!” என்று எழுந்து நின்று கைதட்டினார். அவர் கைதட்டியதால் மற்றவர்களும் தட்ட வேண்டியதாயிற்று. அருள்நாதனைப் பாராட்டி அதிகாரி நாலு வார்த்தை அதிகமாகப் பேசினார். அருள்நாதன் முகம் மலர்ந்திருந்தது. நூர் அகமது மட்டும் கைதட்டவில்லை. மேடையைப் பார்க்காமல், தம்பி மனைவியையும் பார்க்காமல், பக்கவாட்டில் எழுந்து நடந்து தெருவைக் கடந்து தன் மண்டிக்குள் போய்விட்டார்.

மாலை மரியாதை எல்லாம் முடிந்து அதிகாரியின் கார் போன பிறகும் பெண்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். ‘பெண்கள்’ என்று எழுதிய பெஞ்சை அவர்கள் தொடவில்லை. கூடத்து நாற்காலிகளில்தான் உட்கார்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேப்பர் பார்க்க வருகிற குமாஸ்தாக்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நாற்காலி இல்லை. பிள்ளைகள் மொசைக் தரையில் தவழ்ந்தன. எழுத்துத் தெரியாத பெண்கள் கேட்கட்டும் என்று சைனம்பு தொடர்கதையை வாய்விட்டு வாசித்தாள். சோலைமுத்து ‘அமைதி காக்கவும்’ பலகையைச் சுட்டிக் காட்டினார்.

“அதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள் ராமுத்தாய்.

“சத்தம் போடக் கூடாதுன்னு.”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. அதுக்குத்தான் இந்தம்மா படிச்சுக் காட்டுது. அதுவும் கூடாதுன்னா எப்படிய்யா?”

சோலைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினார். பேப்பரை நின்றுகொண்டே படித்த ஒரு ஜவுளிக்கடைக்காரர், “இதுகளுக்குத் தனியா ஒரு ரூமு இருந்துச்சே, அது என்னாச்சு?” என்று எரிச்சலோடு கேட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் சைனம்பு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சௌகத் அலிகூடச் சிரித்துவிட்டான்.

சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சைதூன் கூப்பிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். திறப்புவிழா நாளிலிருந்து அவள் முகத்தைச் சைனம்பு பார்க்கவில்லை.

“அக்கா, நீங்களும் ஒரு நாள்...” என்று ஆரம்பித்தாள் சைனம்பு.

“நிறுத்து” என்றாள் சைதூன். “உன் வீட்டு வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. ஒரு பத்திரிகை வீட்டுக்குள்ள வரக் கூடாதாம். முன்னாடி அவரு கண்டுக்கிடாம இருந்தாரு. அந்த மட்டுக்கும் எனக்குப் போதுமா இருந்துச்சு. நீ எல்லார் கண்ணுக்கும் காட்டிட்டே. நீ ஜெயிச்சே. எனக்கு எல்லாமே போச்சு.”

“உங்களுக்காகத்தானேக்கா நான் கேட்டேன்.”

“நான் கேக்கச் சொன்னேனா?”

 சுவருக்கு அந்தப் பக்கம் வாளி இழுபடுகிற சத்தம், பிறகு கதவு சாத்துகிற சத்தம். சைனம்பு கொல்லையிலேயே வெகுநேரம் நின்றாள். இந்த அளவோடு நிறுத்திவிடலாமா என்று முதல்தடவையாக நினைத்தாள். நிறுத்தினால் கூடமும் போகும், சந்தும் வராது. சைதூனுக்குப் போனது போனதுதான். கதவு திறக்கிறவரைக்கும் போவது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே வந்தாள். ஆனால் மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது குரலில் பழைய விளையாட்டு இல்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அருள்நாதனே இறங்கி வந்தார். கமிட்டியில் அவருக்கு இடி. நாற்காலி கிடைக்காதவர்கள் அவர் ஆபீஸ் வாசலிலேயே போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். அதோடு அந்தோணிமுத்துவின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்: “பொம்பளைக இடத்தை அவுகளுக்குக் குடு, எங்க பெஞ்சை எங்களுக்குக் குடு.” ஒரு மத்தியானம் அவர் பெண்கள் மத்தியில் வந்து ஒரு நாற்காலியைத் தேடினார். காலி இல்லை. நின்றுகொண்டே பேசினார்.

“அம்மா, சந்துக் கதவைத் திறந்து கொடுக்கிறோம். பழைய அறை உங்களுக்கே.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரே ஒரு ஏற்பாடு. அது திறந்த பிறகு நீங்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார வேண்டும். கூடம் ஆண்களுக்கு.”

ராமுத்தாய் சைனம்புவின் முழங்கையை இடித்தாள். “சரின்னு சொல்லு. கேட்டது கிடைச்சிருச்சுல்ல” என்று முணுமுணுத்தாள். சைனம்புவுக்கும் நாக்கு நுனிவரை அந்தச் ‘சரி’ வந்தது. கொல்லைச் சுவர் ஞாபகம் வந்தது. அதே நேரத்தில், குழாயில் கால் கழுவி இந்த வாசலில் ஏறிய அன்றைக்குத் தன் முதுகு எப்படி நேராக நின்றது என்பதும் ஞாபகம் வந்தது.

“எல்லாருக்கும் ஒரே வாசல்னு சொன்னது நீங்கதானேய்யா?”

“ஆமாம்.”

“அதிகாரி முன்னாடியும் சொன்னீங்க. இப்ப அந்த வாசல்ல நாங்க வரக் கூடாதா?”

அருள்நாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களுக்கு எதுதான் அம்மா வேண்டும்? அதுவா, இதுவா?”

“ரெண்டும்தான். இதுல வர முடிஞ்சவ இதுல வாரா. முடியாதவ அதுல வாரா. எதுல வரணும்னு வாரவ முடிவு பண்ணட்டும்.”

“நான் உங்கள் எல்லோரையும் மேலே கொண்டுவரத்தான் நினைத்தேன்” என்றார் அவர். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

“தெரியும்யா. ஒரு வார்த்தை எங்ககிட்டக் கேட்டுட்டு நினைச்சிருக்கலாம்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெண்களில் பாதிப் பேர் சைனம்புவிடம் கோபித்துக்கொண்டார்கள். காதர் பீவி பெரியம்மா, “கைக்கு வந்ததைத் தட்டி விட்டுட்டியே” என்று வீடு போகிறவரை திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் மறுநாள் அவளும் வந்துவிட்டாள், எல்லோரும் வந்தார்கள். கமிட்டி மேலும் சில நாள் தாக்குப் பிடித்துப் பார்த்தது. பிறகு ஒரு காலையில் சந்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. நிபந்தனை பற்றி யாரும் ஒரு பேச்சும் பேசவில்லை. சோலைமுத்து சொன்னபடி பார்த்தால், இடிப்பதற்குக் கூலி ஆட்களை அருள்நாதனே தன் சொந்தப் பொறுப்பில் அனுப்பியிருந்தார். தோல் ஷாப்புக்காரர்களின் பெஞ்சு மட்டும் திரும்பி வரவில்லை. அந்தோணிமுத்து ஆட்கள் பிறகும் வெகுகாலம் அதற்காகக் கமிட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழைய தேக்குக் கதவு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மட்டமான பலகையில் ஒரு கதவு மாட்டினார்கள். சுவரில் உடைத்த இடம் கரடுமுரடாக அப்படியே இருந்தது. வார்னிஷ் மேசை வெளியே போய்ப் பெஞ்சும் பீரோவும் உள்ளே வந்தன. முன்பு வந்தவர்களில் பாதிப் பேர் மறுபடி சந்து வழியாக வர ஆரம்பித்தார்கள். ராமுத்தாயும் பூக்காரிகளும் கடைவீதி வழியாகவே வந்து கூடத்தில் பேன் காற்றில் உட்கார்ந்தார்கள். சைனம்பு சில நாள் இப்படியும் சில நாள் அப்படியும் வந்தாள்.

சைதூன் வரவில்லை. கொல்லைச் சுவரில் நின்று, “கதவு திறந்தாச்சுக்கா” என்று சைனம்பு சொன்னபோது அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தொடர்ந்தது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, பலகைக் கதவு கிறீச்சிட்டது. துப்பட்டி பாதி நனைந்து சைதூன் வாசலில் நின்றாள். யாரோடும் பேசவில்லை. பீரோவுக்குப் போய் அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்கதை வந்த இதழ்களைத் தேடி ஒவ்வொன்றாக எடுத்தாள். சைனம்பு நகர்ந்து இடம் கொடுத்தாள். சைதூன் உட்கார்ந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு முதல் இதழை விரித்தாள்.

அவள் இரண்டு பக்கம் படித்திருப்பாள். சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

“சைதூன்!”

நூர் அகமதுவின் குரல்.  தடுப்புக்கு அந்தப் பக்கம் சோலைமுத்து நாற்காலியைத் தள்ளி எழுகிற சத்தம் கேட்டது.

“சைதூன். வெளிய வா.”

சைனம்பு எழுந்தாள். வாயைத் திறப்பதற்குள் சைதூன் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“நீ பேசாதே. என்னையத்தான் கூப்பிடுறாரு.”

பிறகு கதவைப் பார்த்துச் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. வீட்டில் வெஞ்சனத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான்.

“படிச்சுக்கிட்டு இருக்கேன். முடிச்சுட்டு வாரேன். மழையில நிக்காதீங்க, போங்க.”

வெளியே ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அவர் கதவைத் தள்ளினால் திறந்துகொள்ளும். அதற்கு உள்தாழ்ப்பாள்கூட இன்னும் போடவில்லை. சைனம்பு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு அசையவில்லை. செருப்புச் சத்தம் மெதுவாகச் சந்து முனை வரைக்கும் போய்க் கடைவீதி இரைச்சலில் கலந்துவிட்டது.

 காதர் பீவி பெரியம்மா தஸ்பீகு மணிமாலையை உருட்ட ஆரம்பித்தாள்.

 எந்த வரியில் விட்டாள் என்று சைதூனின் விரலுக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று வரிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “வீட்டுக்குப் போனா என்ன சொல்வாரோக்கா?” என்று சைனம்பு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அதைப் போனப்புறம் பாத்துக்கிடலாம்” என்றாள் சைதூன். “இப்பப் பேசாம இரு.”

பக்கத்தின் மேலே போய், முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டி மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.